மின்னுக்குச் சாயும் சுடர்

காற்று வீசினால் விளக்கின் சுடர் சாயும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால், காற்றசையாத அறையொன்றில் எரியும் மெழுகுவர்த்தியின் இருமருங்கும் உலோகத் தட்டுக்களை நிறுத்தி, அவற்றிடையே சில ஆயிரம் உவோற்று மின்னழுத்தத்தைக் கொடுத்தாலும் சுடர் சாய்கின்றது. அதுவும் மறையேற்றமுள்ள தட்டின் பக்கமாகவே சாய்கின்றது. இலண்டன் இரசாயன அறிஞர் வில்லியம் தோமஸ் பிராண்ட் 1814ஆம் ஆண்டிலேயே இத்தகைய விந்தைகளை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இதற்குக் காரணம் யாது? மெழுகு, பியூற்றேன், மீதேன் போன்ற ஐதரோகாபன் பொருள்கள் எரியும்போது மூலக்கூறுகள் சிதைகின்றன. அவ்வாறு தோன்றும், ஒரு காபன் அணுவும் ஒரு ஐதரசன் அணுவும் கொண்ட துணுக்கு ஒட்சிசன் அணுவொன்றுடன் கூடும்போது, சிலவேளை ஒரு நேரயனும் ஓர் இலத்திரனும் பிறக்கின்றன. வெப்பந்தான் இதைச் செய்கின்றதென்று பலர் எண்ணுவர், அது சரியன்று. தூய ஐதரசனின் சுடர் மிகுந்த வெப்பமுடையதாயினும் அதில் அயன்கள் மிகச் சொற்பமே.

மின்புலத்தில் இலத்திரன்கள் நேர்த் தட்டை நோக்கி விரைந்தோடிவிடுகின்றன. பாரமான நேரயன்களோ மறைத் தட்டை நோக்கி மெல்ல நகர்ந்து, வழியிலுள்ள வாயு மூலக்கூறுகளை ஓயாது மோதுகின்றன. தேர்த்திருவிழா நெரிசலில் ஒரே திசையில் முண்டியடிக்கும் சிலர், கூட்டம் முழுவதையும் அப்பக்கம் அசைத்துவிடுவதில்லையா? அதுபோலவே இதுவும். இந்த 'அயன் காற்று' சுடரைச் சாய்க்கும். அதன் உருவத்தை மாற்றும். புகைக்கரியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இஃது ஆய்வுகூட வேடிக்கை மட்டுமன்று. வாயுவால் நீரைச் சூடாக்கும் கொதிகலன்களில் சுடர் தற்செயலாக அணைந்து, வாயு மட்டும் தொடர்ந்து வெளிவருமாயின் பெருவெடிப்பு நேரலாம். ஆகவே, சுடருக்குள் ஒரு சிறு உலோகக் கம்பியை நீட்டி, அதற்கும் எரிகருவிக்கும் இடையே ஆடலழுத்தம் கொடுக்கின்றனர். கம்பி சிறியது; எரிகருவியின் பரப்போ பெரியது. அதனால் ஒரு திசையில் மின்னோட்டம் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் பாய்கின்றது. இந்த ஏற்றத்தாழ்வே சுடர் எரிகின்றது என்பதற்குச் சான்று. சுடர் அணைந்தால் ஓட்டம் நின்றுவிடும். உடனே வாயு வாயில் மூடிக்கொள்ளும். கம்பி எங்கேனும் தொட்டுக்கொண்டால் ஓட்டம் இருதிசையிலும் சமமாகிவிடும். ஆதலால், கருவி அதைச் சுடரென்று நம்பி ஏமாறுவதில்லை. மிக்க நுட்பமான ஏற்பாடு!

சுடரை மின்னால் அணைக்கவும் இயலும். ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆடும் மின்புலத்தைச் செலுத்திச் சுவாலையை அணைத்ததை 2011இல் அறிவித்தனர். பெரிய காட்டுத்தீக்கு இது பயன்படுமென்று நம்புவதற்கில்லை. ஆயினும், நீர் ஊற்ற இயலாத சிறு அறைகளுக்கு இம்முறை உதவக்கூடும். 2018இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இவ்வாய்வு நடந்தது. அங்கே சூடான வாயு மேலெழும் இயல்பு இல்லாமையால், மின்புலத்தின் விளைவைத் தனியே காணலாம்.

மாணவர்கள் ஆயிரக்கணக்கான உவோற்றுடன் விளையாடலாகாது. அஃது உயிரைக் குடிக்கும். கல்லூரி ஆய்வுகூடத்திலுள்ள பொன்னிலை மின்காட்டியே போதும். அதற்கு மின்னேற்றி, இலைகள் விரிந்து நிற்கையில், எரியும் மெழுகுவர்த்தியை அதன் தட்டின் அருகே கொண்டுசெல்லுங்கள். சுடர் தட்டைத் தொடாமலே இலைகள் மெல்ல மெல்லக் குவிவதைக் காண்பீர்கள்.