'நாம்' என்னும் சொல்லும் திருச்சபையும்

'உள்ளடக்குதல்' எனப்படும் கருத்தை விளங்கிக்கொள்ளத் தமிழிலக்கணமே நமக்குத் துணைபுரிகிறது. கேட்போரையும் உளப்படுத்துவது 'நாம்'. அவரை விலக்குவது 'நாங்கள்'. கிரேக்கத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லாதலின், தமிழில் பெயர்ப்போர் ஒவ்வோரிடத்தும் தீர்மானித்தாக வேண்டும். கர்த்தருடைய ஜெபம் கடவுளையே விளிப்பதால் அங்கு 'எங்கள்' பொருந்தும். எபேசியர் 2:14-லோ, யூதரும் புறவினத்தாரும் ஒன்றாக்கப்படுதலின் 'நம்முடைய' என்றே பெயர்த்தனர்.

பூவிருந்தவல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உண்டு. அத்தகைய மாணவர் அமர்ந்திருக்கும் ஆராதனையில், "நாங்கள் இவர்களுக்கு உதவுகிறோம்" என்று போதகர் கூறின், அவர்கள் ஆலயத்தினுள் இருந்தும் சபைக்குப் புறம்பாவர். அவர்களுள் ஒருவர் பிரெயில் திருமறையிலிருந்து அன்றைய பாடத்தை வாசிக்க, சபையார் செவிகொடுக்கும்போதே 'நாம்' மெய்யாகும்.