பணக் கணக்கில் மனிதனைத் தேடிய பேராசிரியர்கள்

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால் ஒரு காடு தெரியும். ஆம், காடுதான்! அடர்ந்த மரங்கள், புதர்கள், நடுவே புள்ளிமான்கள். அந்தக் காட்டுக்குள்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-ம் ஆண்டு நடத்தத் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இந்தக் கல்லூரியாக வளர்ந்தது. சரியாக 100 ஆண்டு கழித்து, 1937-ல், பட்டணத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது.

இங்கே பொருளாதாரப் பாடம் நடத்திய இரண்டு பேராசிரியர்களின் கதை இது. ஒருவர் மால்கம் ஆதிசேஷையா. மற்றவர் சி.டி. குரியன். இருவரும் பணத்தைப் பற்றிப் படித்தார்கள். ஆனால் பணம் இல்லாதவனைப் பற்றியே கவலைப்பட்டார்கள்!

கோவிலும் பாங்கியும்

மாதா கோவிலுக்கும் பாங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

கடனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கிரெடிட்' என்ற சொல், நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாங்கி நடப்பதும் நம்பிக்கையில்தான். நாம் போடும் பணத்தைப் பாங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும் பகுதியை வேறொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறது. கேட்கும்போது திரும்பக் கிடைக்கும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை போனால் பாங்கியும் போய்விடும்.

சென்னை இதை நேரில் பார்த்த ஊர். 1906-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 'அர்பத்நாட்' கம்பெனி திடீரென்று மூடப்பட்டது. சேமித்த பணத்தை அதில் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். சர் பட்டம் பெற்றவரே கணக்கில் தவறினால் ஏழை யாரை நம்புவது?

ஆகவே பணத்தைப் பற்றிய பாடத்தில் தர்மமும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். தாம்பரத்தில் அதற்கு ஒரு பழைய தொடக்கமே உண்டு. 1938-ம் ஆண்டு டிசம்பரில், உலகின் பல பாகங்களிலிருந்தும் கிறிஸ்தவத் தலைவர்கள் இந்தக் கல்லூரியில் கூடி மாநாடு நடத்தினார்கள். அங்கே வேதம் மட்டும் பேசப்படவில்லை. ஏழைச் சபைகள் எப்படிச் சொந்தக் காலில் நிற்பது என்ற வரவு செலவும் பேசப்பட்டது. அதற்கென்றே ஒரு தனி நூலும் வெளிவந்தது.

வேலூர்ப் பிள்ளை

அந்த மாநாடு நடந்து சுமார் இரண்டு ஆண்டுகளில் தாம்பரத்துக்கு வந்தார் ஆதிசேஷையா. வேலூரில் 1910-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி பிறந்தவர். கிறிஸ்தவக் குடும்பம். சென்னை லயோலா கல்லூரியிலும், பிறகு கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்தார். கல்கத்தாவில் ஆசிரியராக இருந்தார். 1940-ல் தாம்பரத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார்.

1946-ல் ஜினீவாவுக்குப் போனார். போரினால் சின்னாபின்னமான நாடுகளின் மாணவர்களுக்கு உதவும் வேலை! 1948-ல் பாரிசில் உள்ள யுனெஸ்கோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநர். அந்த உலக நிறுவனத்தின் இரண்டாவது நாற்காலியில் வேலூர்ப் பிள்ளை!

அந்த ஆண்டுகளில்தான் யுனெஸ்கோ எழுத்தறிவுக்காகப் பெரும் முயற்சி எடுத்தது. 1965-ல் டெஹ்ரான் நகரில் பல நாட்டுக் கல்வி அமைச்சர்கள் கூடினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. உழைக்கிறவனுக்கு அவன் உழைப்பில் உதவுகிற படிப்பு வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. செப்டம்பர் 8-ந் தேதி உலக எழுத்தறிவு நாள் என்று ஆனதும் அந்தக் காலத்தில்தான்.

இதில் பொருளாதாரம் எங்கே வந்தது? கடன் பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைக்கிறவரை நினைத்துப் பாருங்கள். வாங்கியது நூறு. பத்திரத்தில் எழுதியிருப்பது நூறா, இருநூறா? படிக்கத் தெரிந்தால் கேட்கலாம். தெரியாவிட்டால் தலையாட்ட வேண்டியதுதான். எழுத்து, ஏழையின் கையில் உள்ள கணக்குப் பிள்ளை!

அறுபது வயதில்

1970-ல் ஆதிசேஷையாவுக்கு வயது 60. பாரிசிலேயே சுகமாக ஓய்வு எடுத்திருக்கலாம். அவர் சென்னைக்குத் திரும்பினார்.

1971-ம் ஆண்டு ஜனவரியில் அவரும் மனைவி எலிசபெத்தும் அடையாற்றில், காந்தி நகரில், ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். ஏழ்மை ஏன் தீரவில்லை, வளர்ச்சி யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஆராயும் இடம். அதற்கு முதல் போட்டது யார்? அவர்களேதான்! தங்கள் சேமிப்பையும் சொத்தையும் அதற்கே கொடுத்தார்கள்.

பணத்தைப் பற்றி ஆயிரம் பாடம் நடத்தலாம். கையில் உள்ள பணத்தை என்ன செய்தார் என்பதுதானே பேராசிரியருக்குப் பரீட்சை! அந்தப் பரீட்சையில் அவர் தேறிவிட்டார்.

ஜாமீன் என்ன?

இனி குரியன். 1931-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தோடு பெரிய சம்பளத்தைத் தேடிப் போயிருக்கலாம். அவர் வந்தது தாம்பரத்துக்கு. 1962 முதல் 1978 வரை அங்கே பேராசிரியர். ஆதிசேஷையா விட்டுச் சென்ற துறையை வளர்த்தவர் அவர்.

குரியன் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து எளிமையானது. நாட்டின் பொருளாதாரம் என்றால் அங்கே வாழும் மனிதர்கள்தான். அவர்களில் சிலரிடம் நிலமும் பணமும் இருக்கின்றன. பலரிடம் இரண்டு கைகள் மட்டுமே இருக்கின்றன. என்ன விளைவது, யாருக்குக் கிடைப்பது என்பதை உடைமை உள்ளவர்களே தீர்மானிக்கிறார்கள். கையில் காசு இல்லாதவனின் பசி சந்தையின் காதில் விழுவதில்லை.

பாங்கிக்குப் போனால் இது நன்றாகப் புரியும். கடன் கேட்டவுடன் முதல் கேள்வி என்ன? "ஜாமீன் என்ன?" நிலம் உள்ளவர் பத்திரத்தை நீட்டுவார். கூலிக்காரர் எதை நீட்டுவார்?

குரியன் தாம்பரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், 1969-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, 14 பெரிய பாங்கிகளை அரசாங்கம் ஏற்றது. அப்போது நாடு முழுவதும் இருந்த கிளைகள் 8,300 கூட இல்லை. பிறகு கிராமங்களிலும் கிளைகள் பெருகின. கதவு திறந்தது. ஆனால் ஜாமீன் கேள்வி மட்டும் முழுதாக மறையவில்லை!

1974-ல் குரியன் வறுமையையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெங்களூரில் உள்ள கிறிஸ்தவ ஆய்வு நிலையத்தின் சார்பில் அது வெளிவந்தது. அவருக்குச் சமய நம்பிக்கை வேறு, பொருளாதாரம் வேறு அல்ல. அயலானை நேசி என்பவன், அயலான் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டாமா?

வீடு வீடாக

1978-ல் குரியன் தாம்பரத்தை விட்டு அடையாற்று நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். முன்னவர் நட்ட செடிக்குப் பின்னவர் தண்ணீர் ஊற்றினார். 10 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு வேலை இது. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கு எடுக்கச் செய்தார். அவற்றில் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. 65 ஆண்டு கழித்து அடையாற்று நிறுவனத்தார் அதே ஊருக்குப் போனார்கள். யாரிடம் நிலம் இருந்தது? இப்போது யாரிடம் இருக்கிறது? கூலி என்ன? இப்படி விசாரித்து எழுதினார்கள். மேஜையில் இருந்தே எழுதியிருந்தால் இந்தக் கணக்கு கிடைத்திருக்குமா?

செல்வமும் அவலமும்

2008-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் 'லேமன் பிரதர்ஸ்' என்ற பெரிய நிறுவனம் திவாலானது. திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக் கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களைக் கை மாற்றிக் கை மாற்றி விற்ற வியாபாரம் சரிந்தது. உலகமே ஆடியது. 1906-ல் சென்னை கண்ட நோய்தான். இந்தத் தடவை உலகம் முழுவதும்!

செல்வம் பெருகும்போதே அவலமும் ஏன் பெருகுகிறது? 80 வயதைத் தாண்டிய குரியன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 2012-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பண்டிதர்களுக்காக அல்ல, சாதாரண வாசகர்களுக்காக!

ஆதிசேஷையா 1994-ம் ஆண்டு நவம்பரில் காலமானார். 1998-ல் யுனெஸ்கோ அவர் பெயரால் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. குரியன் 2024-ல், 93-வது வயதில் மறைந்தார்.

தாம்பரத்துக் காட்டுக்குள் இன்றும் வகுப்புகள் நடக்கின்றன. வட்டிக் கணக்கு எல்லோருக்கும் வந்துவிடும். அந்தக் கணக்கில் விட்டுப்போன மனிதன் யார் என்று தேடும் மாணவன்தான், அந்த இரண்டு பேராசிரியர்களின் வாரிசு!