கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

ஹாங்காங் போய் வரும் நண்பர்கள் கேமராவும் கைக்கடிகாரமும் வாங்கி வருகிறார்கள். எனக்கு அங்கே பிடித்த இடம் ஹாலிவுட் சாலையும், அதையொட்டிக் கீழே ஓடும் அப்பர் லஸ்கர் ரோ என்ற சந்தும்தான். ஒன்றில் கண்ணாடிக் கதவு போட்ட பழம்பொருள் கடைகள். மற்றதில் தெருவோரப் பரப்பல்கள். 'லஸ்கர்' என்பது கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளுக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர். அந்தச் சந்தைப் 'பூனைத் தெரு' என்றும் சொல்வார்கள். திருட்டுச் சாமானுக்கு 'எலி' என்றும், அதை வாங்குபவருக்குப் 'பூனை' என்றும் பேச்சு வழக்கு இருந்ததாம்.

பீங்கான் கோப்பை ஒன்று கண்ணில் பட்டால், நான் முதலில் பூவேலையைப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்துப் பார்ப்பேன். அடியில் நீல மையில் ஆறு சீன எழுத்துகள் இருக்கலாம். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: வம்சத்தின் பெயர், பேரரசரின் ஆட்சிப்பெயர், அந்த ஆட்சியில் செய்தது என்ற குறிப்பு.

எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. காங்ஷி பேரரசர் காலத்தில் (1662–1722) செய்த பல பீங்கான்களில், இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய மிங் வம்சத்துச் செங்ஹுவா முத்திரைதான் இருக்கிறது. ஏமாற்றுவதற்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. முன்னோர் கலைக்குச் செய்த மரியாதையும் அதில் உண்டு. இன்றைய போலிகளிலும் அதே எழுத்துகள் இருக்கும். ஆகவே மெருகு படாத அடிவிளிம்பையும் பார்க்க வேண்டும். நெடுங்காலத் தேய்மானம் ஒரே சீராக இராது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கீறல்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்றிருந்தால் அநேகமாக 1891க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டதன் விளைவு அது.

இதெல்லாம் பொருளின் வயதைச் சொல்லும். அது யாருடையது என்று சொல்லாது. நம் ஊர்ச் செப்புத் திருமேனி ஒன்று கண்ணாடிக்குள் நிற்கும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை, கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சிலை அசல்தான், அது 1970வாக்கிலேயே இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டிய காகிதம்தான் போலி. 1990களில் கோயிலிலேயே எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார்.

நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு கலைக்கூடமே ஏமாந்த இடத்தில் நாம் எம்மாத்திரம்? ஆகையால், எந்த ஊர்க் கடையானாலும் நான் விலைக்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எங்கிருந்து வந்தது? எந்த ஆண்டு, எந்த அனுமதியோடு வந்தது? "ஒரு பழைய குடும்பத்துச் சொத்து" என்பதற்கு மேல் பதில் வராவிட்டால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். சிலையானால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. கடைக்காரர் அனுமதித்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பழைய கோயில் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.