டெல்லி வண்டி ஆரணிக்கு வந்துவிடும்... ஆர்.சி. வருமா?

டெல்லியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிக்கும், பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் 2025 ஜூலை 1 முதல் பங்குகளில் எரிபொருள் கிடையாது என்று உத்தரவு வந்தது. சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆனால், வண்டி வைத்திருந்தவர்களின் பயம் அதோடு போய்விடவில்லை. இது பத்து வருடப் பயம். 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று டெல்லி, குருகிராம், நொய்டா பக்கத்தில் இருப்பவர்கள் கிடைத்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட நினைப்பதில் ஆச்சர்யமில்லை.

அங்கே கழித்துக்கட்டும் வண்டிக்கு இங்கே ஆயுள் இருக்கிறது. 2014 அக்டோபரில் பதிவான டீசல் காருக்கு டெல்லியில் 2024-லேயே காலம் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதே வண்டியின் பதிவு 2029 அக்டோபர் வரை செல்லும். அதற்குப் பிறகும் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். காருக்கான அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. பழைய வண்டி வாங்குபவர் இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

திருவள்ளூர் மாவட்டம் ஆரணியில், நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் ஒரு விவசாயி, தீவன மூட்டை ஏற்றவும் குடும்பத்தோடு பெரியபாளையம் போய் வரவும் டீசல் வண்டி தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் டெல்லி வண்டியின் படம் வருகிறது. உள்ளூரில் சொல்லும் விலையைவிட ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் குறைவு. சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸோ ஏறிப் போய், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். சாலைத் தூரம் சுமார் 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 157 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் 14,000 ரூபாய் ஆகிறது. டோல்கேட், ரயில் டிக்கெட், கூட வரும் டிரைவரின் சம்பளம், தங்கும் செலவு எல்லாம் தனி. இதையெல்லாம் கழித்த பிறகும் லாபம் நிற்பதுபோலத்தான் தெரியும்.

அந்த லாபம் கையில் தங்குமா என்பது சாலையில் முடிவாவதில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் முடிவாகிறது.

இரண்டு ஆரணி

வேறு மாநில வண்டியை இங்கே பதிவு செய்ய, அது முதலில் பதிவான அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். பேச்சு வழக்கில் என்.ஓ.சி. இதற்கான விண்ணப்பம் படிவம் 28. கூடவே, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவர் கையெழுத்து வேண்டும். வண்டி கடனில் வாங்கியதாக இருந்தால், கடன் தீர்ந்தது என்று நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். கேமராவில் சிக்கிய அபராதம் ஒன்று பாக்கி இருந்தாலும் என்.ஓ.சி. அங்கேயே நின்றுவிடும். டெல்லி வண்டியில் அப்படிப்பட்ட அபராதம் நாலைந்து கிடப்பது சகஜம். வண்டி எண்ணைப் போட்டால் பரிவாகன் தளத்தில் அதைப் பார்த்துவிடலாம். அந்த வண்டி எங்காவது திருட்டு வழக்கில் இருக்கிறதா என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை உண்டு. முன்பணம் அனுப்புவதற்கு முன்பே இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

என்.ஓ.சி.யில், வண்டி எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறது என்று பெயர் குறித்தே கொடுப்பார்கள். ஆரணிக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. டெல்லி புரோக்கர் ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுத்து, பட்டியலில் ‘ஆரணி’யைத் தேடினால் உடனே கிடைத்துவிடும். ஆனால் அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர். அங்கே தனி ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. ஆரணியாற்றங்கரை ஆரணிக்காரர் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு தன் அலுவலகத்தில் வண்டியைப் பதிவு செய்ய முடியாது. அதைத் திருத்தி வாங்க மறுபடியும் டெல்லிதான். அதற்குள் விற்றவர் போனை எடுக்காமல் போனால் எல்லாமே அந்தரத்தில் நின்றுவிடும். கிளம்புவதற்கு முன்பே, தன் முகவரி திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த அலுவலக எல்லையில் வருகிறது என்று நேரில் கேட்டு, அலுவலகத்தின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் தாளில் எழுதிக் கையோடு கொண்டு போவதுதான் சரி. இன்ஷூரன்ஸ் பாலிசியில் முகவரி எழுதும்போதும் மாவட்டப் பெயரை விடக் கூடாது.

“வண்டியை எடுத்துட்டுப் போங்க, என்.ஓ.சி. பின்னாலேயே கூரியர்ல வந்துடும்” என்ற பேச்சை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவதுதான் இந்த வியாபாரத்தில் பெரிய ஆபத்து. விண்ணப்பம் கொடுத்த 30 நாளுக்குள் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-வது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு மாதம் காத்திருக்க மனமில்லாதவர், விலையில் ஒரு நல்ல பகுதியையாவது சான்று கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த வண்டியை விட்டுவிடலாம். டெல்லியில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

விற்பவர் டீலராக இருந்தால் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் தன் வண்டியை அந்த டீலரிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால், என்.ஓ.சி.க்கு டீலரே விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்று இல்லாதவர் டீலர் அல்ல, வெறும் புரோக்கர்.

வரி யாருக்கு, எவ்வளவு?

விலை குறைவு என்று கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. டெல்லியில் முழு வரியும் கட்டிய வண்டிதான். ஆனாலும் இங்கே மறுபடி கட்ட வேண்டும். பழைய வண்டி என்பதால் வயதுக்கேற்ப சதவீதம் குறையும். ஆனால் அந்தச் சதவீதத்தைப் போடுவது, நீங்கள் கொடுத்த இரண்டரை லட்சத்தின் மேல் இல்லை. புதிதாக விற்றபோது இருந்த விலையின் மேல். 2023 நவம்பரில் வரி உயர்ந்த பிறகு, புதுக் கார் ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம். இதிலிருந்தே பழைய வண்டியின் வரியும் பெரிய தொகையாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். பதிவு மாதம், மாடல், முதல் விலை மூன்றையும் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டால் தொகை தெரிந்துவிடும். விலை பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம் என்பார்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அலைச்சலும் அதிகம். அந்தப் பணத்தை வரவில் எழுதாமல் இருப்பதே மேல்.

நான்கு நாள் சாலை

டெல்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், சிவனி, நாக்பூர், ஹைதராபாத் என்று 44-ம் எண் நெடுஞ்சாலை இறங்குகிறது. ஹைதராபாத்தை அடுத்து விஜயவாடா பாதையிலோ, நார்க்கட்பள்ளி - அத்தங்கி பாதையிலோ 16-ம் எண் சாலைக்கு வந்தால் ஓங்கோல், நெல்லூர், தடா. அப்புறம் எளாவூர் சோதனைச்சாவடி, கும்மிடிப்பூண்டி, புதுவாயல் கூட்டுச்சாலை. அங்கே மேற்கே திரும்பினால் ஆரணி. டிசம்பர், ஜனவரியில் ஆக்ரா வரை மூடுபனி. மே மாதத்தில் நாக்பூர், அதிலாபாத் பக்கம் 45 டிகிரி வெயில். பழைய ரேடியேட்டருக்குச் சோதனைக் காலம். பிப்ரவரி, மார்ச் தோதானது. சிவனியிலிருந்து நாக்பூர் வரை பென்ச் காட்டை ஒட்டிய சாலை. விலங்குகள் கடக்கவே மேம்பாலம் எழுப்பிய இடங்கள் அங்கே உண்டு. இரவில் ஓட்டாமல், நான்கு நாளாக வருவதே நல்லது.

முதல் நாளில் நெடுந்தூரம் போகக் கூடாது. வாங்கிய ஊரிலேயே ஆயில், கூலன்ட், ஃபேன் பெல்ட், பிரேக் எல்லாம் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, அடியில் ஒழுகுகிறதா, சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2219 என்றால் 2019-ம் ஆண்டின் 22-வது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஏழெட்டு வருட டயரில் இந்தத் தூரம் ஓட்டக் கூடாது. 2023 ஜூலையில் யமுனை வெள்ளம் டெல்லிக்குள் புகுந்தது. அதனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள். மிக்ஜாம் புயலில் கார்கள் மிதந்ததைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வண்டியைக் கையில் வாங்கும்போது தேதி மட்டுமல்ல, மணியும் எழுதிய ஒப்படைப்புக் கடிதம் இரு தரப்பும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். அந்த மணிக்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது. பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் உடனே முடக்கிவிடாமல், வீடு வந்து சேரும்வரை வைத்திருக்கச் சொல்லலாம். வண்டி எண்ணைப் போட்டு நீங்களே அதில் பணம் ஏற்றிக்கொள்ளலாம். செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றே கால் மடங்கு.

இன்ஷூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடும் கூடவே மாறிவிடுகிறது. 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 157-வது பிரிவு. ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய உரிமையாளர் பெயரிலுள்ள பாலிசியோடு வரும் வழியில் வண்டி கவிழ்ந்தால், சரிசெய்யும் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். வண்டி எடுக்கும் நாளிலேயே உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டோ, புதுப் பாலிசி போட்டுக்கொண்டோ கிளம்ப வேண்டும். ‘நோ க்ளைம் போனஸ்’ விற்றவருக்கு உரியது. அது வண்டியோடு வராது.

பக்கத்து மாநிலம் என்ற தைரியம்

டெல்லி வரை போகாதவர்களும் இருக்கிறார்கள். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரா. சத்தியவேடு, தடா, சூளூர்பேட்டையில் வாங்கிய காரையோ டிராக்டரையோ அன்று மாலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஏ.பி. நம்பரோடு வருடக்கணக்கில் ஓட்டுவதும் இதனால்தான். சட்டத்துக்கு முப்பது கிலோமீட்டரும் 2,200 கிலோமீட்டரும் ஒன்றுதான். வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால், 47-வது பிரிவின்படி புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். இன்னொருவருடைய வண்டியை வாங்கியவருக்கு அந்த அவகாசமும் இல்லை, 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவர் வருடங்கள் கழித்து வாசலில் வந்து நிற்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

வண்டி, சான்று இரண்டும் வந்த பிறகு படிவம் 27-ல் புது எண்ணுக்கு விண்ணப்பித்து, வரி கட்டி, வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஆய்வாளர் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். துரு மூடியிருந்தால் முதல் நாளே சுத்தம் செய்துகொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். புது எண் வந்ததும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸில் எண் மாற்றம், புது ஃபாஸ்டேக். புது ஆர்.சி.யின் நகல் ஒன்றை டெல்லிக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம். அதற்காகவே அவர் காத்துக்கொண்டிருப்பார்.