கண் சிமிட்டும் மர்ம விளக்கு!

ஆகாயத்திலே ஒரு விளக்கு எரிகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ டெலஸ்கோப்புக்கு மட்டுமே தெரியும். அதன் ஒளி ஒரு நாள் கொஞ்சம் கூடுகிறது. ஒரு நாள் குறைகிறது. ஏன் இப்படி? உலகத்து விஞ்ஞானிகள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் கரிசல் காட்டில், தை பிறந்ததும் இரவு 10 மணிக்கு அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே திருவாதிரை சிவப்பாகத் தெரியும். வடக்கே பிரம்மஹிருதயம் என்ற நட்சத்திரம் பளிச்சென்று இருக்கும். திருவாதிரையிலிருந்து அதை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனால், அங்கேதான் அந்த விளக்கு!

அங்கிருந்து புறப்படும் ரேடியோ அலை நம்மிடம் வந்து சேர 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

திடீர் வெடிப்பு

2012 நவம்பர் 2-ந் தேதி அந்தத் திசையிலிருந்து ஒரு ரேடியோ வெடிப்பு வந்தது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் சில கூறு நேரமே அது நீடித்தது. பிறகு அதே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வெடிப்புகள் வந்தன.

அமெரிக்காவில் நியூமெக்சிகோ பாலைவனத்தில் 27 பெரிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஷாமி சாட்டர்ஜியின் குழுவினர் இடத்தைக் கண்டுபிடித்து, 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். வெடிப்பு வரும் அதே இடத்தில் அணையாத விளக்குப் போல ஒரு ரேடியோ ஒளியும் இருந்தது. அது சுமார் பத்தில் ஒரு பங்கு கூடிக் குறைந்தது.

ஏன் சிமிட்டுகிறது?

நட்சத்திரம் மின்னும், வியாழன் அவ்வளவாக மின்னாது. காரணம் தெரியுமா? நட்சத்திரம் நமக்கு ஒரு புள்ளியாகத் தெரிகிறது. காற்று அசைந்தால் புள்ளியின் ஒளி தடுமாறும். வியாழன் சிறு வட்டம். அதனால் தடுமாற்றம் தெரிவதில்லை.

ரேடியோ ஒளியும் அப்படித்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதன் வழியே வரும்போது, சிறிய விளக்கு மட்டுமே சிமிட்டும். எனவே சிமிட்டல் என்பது சின்னப் பொருளின் அடையாளம்!

நம் ஊட்டியிலும் இந்த வித்தை உண்டு. 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் மலைச்சரிவில் அமைத்த 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப், சூரியக் காற்றினால் ஏற்படும் சிமிட்டலை ஆராய்கிறது.

பிள்ளையா? பூதமா?

வாயுதான் காரணமா, விளக்கே மாறுகிறதா என்பதுதான் வழக்கு.

ஒளி வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போனால், அது புதிதாய்ப் பிறந்த காந்த நட்சத்திரமாக இருக்கலாம். அதைச் சுற்றிய வாயு விரிய விரிய ஒளி குறையும். மங்காமல், தாறுமாறாய் ஏறி இறங்கினால், அது இரை விழுங்கும் கருந்துளையாக இருக்கலாம். வாயு செய்யும் சிமிட்டலைக் கழித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

புனே அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்கள் கொண்ட இந்திய டெலஸ்கோப்பும் இந்த விளக்கை ஆராய்ந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்தால் போதாது. பல ஆண்டுகள் அளந்து, கணக்கை ஒப்பிட வேண்டும்.

200 கோடி ஆண்டு நடந்து வந்த ஒளி அல்லவா? அதன் கதையைக் கேட்கப் பொறுமை வேண்டாமா?