அலுவலக ஆங்கிலமும் தமிழ் இலக்கணமும்

அலுவலக ஆங்கிலம் என்பது வேலையிடத்தில் மின்னஞ்சல், கடிதம், தொலைபேசி, கூட்டம் ஆகியவற்றில் கையாளப்படும் ஆங்கிலம். இலக்கிய ஆங்கிலத்துக்கு வேண்டிய சொல்வளம் இதற்குத் தேவையில்லை. என்ன, யார், எப்போது, எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்கும் ஐயத்துக்கு இடமில்லாமல் விடை தந்தால் போதும். ஆனால் அந்த நான்கில் ஒன்று பிசகினாலும் சரக்கு தவறான நாளில் போய்ச் சேரும், வரவேண்டிய பணம் நின்றுபோகும், நேர்முகத் தேர்வுக்குப் போன பிள்ளை வெறுங்கையோடு திரும்பும்.

திருத்தணியை அடுத்த பொதட்டூர்பேட்டை நெசவுத் தொழில் நிறைந்த ஊர். ஆந்திர எல்லையை ஒட்டியிருப்பதால் தமிழும் தெலுங்கும் இங்கே சேர்ந்தே ஒலிக்கும். தறி வீட்டுப் பிள்ளைகள் இப்போது திருப்பெரும்புதூர், ஒரகடம், ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளிலும் சென்னை அலுவலகங்களிலும் வேலை தேடுகிறார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களையும் மின்னஞ்சல்களையும் திருத்திக் கொடுக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிழைகள் தாறுமாறாக வருவதில்லை. ஒரே பத்துப் பதினைந்து பிழைகள்தாம் ஆள் மாறி ஆள் மாறி வந்துகொண்டிருக்கின்றன.

"தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்திலேயே யோசி" என்பது இவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை. இதனால் பயன் இல்லை என்பது என் கருத்து. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்த பிள்ளை வேறு எந்த மொழியில் யோசிக்கும்? தமிழில் அரைகுறையாக யோசிப்பதுதான் சிக்கல். தமிழ் வாக்கியத்தின் உருபையும் விகுதியையும் முழுமையாகப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பிழைகளில் ஒரு பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும். சில இடங்களில் மட்டும் தமிழ் நமக்கு உதவாது. அந்த இடங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் போதும்.

பழைய கச்சேரியின் மிச்சம்

முதலில், தமிழோடு தொடர்பே இல்லாத ஒரு வகையைப் பார்த்துவிடலாம். 'டூ தி நீட்ஃபுல்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போன்ற தொடர்கள் நம் தமிழிலிருந்து போனவை அல்ல. அவை ஆங்கிலேயர் எழுதிய ஆங்கிலமே.

1639-இல் சென்னையில் நிலம் பெற்றுக் கோட்டை எழுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனியில் இளநிலை ஊழியருக்கு 'ரைட்டர்' என்றே பெயர். காவல் நிலையங்களில் இன்றும் ரைட்டர் இருக்கிறார். தொடக்கக் காலத்தில் கம்பெனிக்கும் ஊராருக்கும் நடுவே துபாஷி என்னும் இருமொழியாளர் நின்றார். 1812-இல் கம்பெனி தன் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்கப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கியது. அதாவது வேலைக்காக மொழி படித்தவர்கள் அப்போது அவர்கள். மெக்காலேயின் 1835 குறிப்புக்கும், ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தந்த 1844 தீர்மானத்துக்கும் பிறகு அந்த நிலை தலைகீழானது. வேலைக்காக நாம் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினோம். அன்று கற்றுக்கொண்ட கடித நடையை இங்கிலாந்து பின்னர் கைவிட்டது. நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

'ஸ்டேஷன்' என்பது அக்காலத்தில் அதிகாரி பணியமர்த்தப்பட்ட ஊர். அதனால்தான் ஊரில் இல்லாதவர் இன்றும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்'. 'டூ தி நீட்ஃபுல்' என்பதற்குத் தமிழிலும் ஓர் இரட்டைப் பிறவி உண்டு: "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் இரண்டுமே செல்லுபடியாகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது இது வேலை செய்யாது. 'ஆவன' என்பது என்ன என்று அதில் இல்லை. திருத்திய பில் வேண்டுமா, பணம் வேண்டுமா, கையொப்பம் வேண்டுமா? அந்தச் செயலையே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

'ரிவர்ட்' என்பதும் அப்படித்தான். நம் அலுவலகங்களில் அது 'பதில் எழுது'. மற்ற நாடுகளில் பலருக்கு அது 'பழைய நிலைக்குத் திரும்பு'. "விலையைப் பார்த்துவிட்டு ரிவர்ட் செய்கிறோம்" என்ற பொருளில் எழுதினால், பழைய விலைக்கே திரும்பப் போகிறார்கள் போலும் என்று எதிர்த்தரப்பு எண்ண இடமுண்டு. 'ரிப்ளை' என்ற எளிய சொல் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? 'ப்ரிபோன்' பற்றி எனக்குக் குறையில்லை. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராகக் கச்சிதமாக நிற்கும் சொல் அது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால் "2022-இல் பாஸ்ட் அவுட்" என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். மயங்கி விழுந்ததாகப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். 'கிராஜுவேட்டட்' என்றோ, டிப்ளமோ என்றால் 'கம்ப்ளீட்டட்' என்றோ எழுதலாம்.

தமிழே வழிகாட்டும் இடங்கள்

நேர்முகத் தேர்வில் அதிகம் கேட்கப்படும் பிழை இது: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' இதன் பின்னால் இருப்பது "ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்" என்ற தமிழ் வாக்கியம். தமிழில் நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்னும் தொடரும் செயலுக்கு 'ஹாவ் பீன்' வேண்டும்.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்தைத் தீர்க்கும் திறவுகோல் தமிழிலேயே இருக்கிறது. "ஐந்து ஆண்டுகளாக" என்று 'ஆக' வந்தால் அது கால அளவு, ஆங்கிலத்தில் 'ஃபார்'. "2019-இலிருந்து", "2019 முதல்" என்று வந்தால் அது தொடங்கிய புள்ளி, ஆங்கிலத்தில் 'சின்ஸ்'. தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டையும் மாற்றிப் பேசுபவர் யாரும் இல்லை. "ஐந்து ஆண்டுகளிலிருந்து வேலை செய்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், காதே ஒப்பாது. ஆகவே சரியான வாக்கியம்: 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' அல்லது 'சின்ஸ் 2019'.

இதைவிடப் பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது 'பை', 'டில்' வேறுபாடு. "15-ஆம் தேதிக்குள் அனுப்புவோம்" என்றால் அது கெடு. "15-ஆம் தேதி வரை அனுப்புவோம்" என்றால் அன்றுவரை அனுப்பிக்கொண்டே இருப்போம், பிறகு நிறுத்திவிடுவோம். முதலாவது 'பை', இரண்டாவது 'டில்' அல்லது 'அன்டில்'. 500 லுங்கிக்கான ஆணையை ஏற்றுக்கொண்டு 'வீ வில் டெலிவர் டில் ஃபிஃப்டீன்த்' என்று எழுதினால், வாங்குபவருக்கு அது எத்தனை தவணையாக வரும், கடைசித் தவணை எது என்றே புரியாது. தாமதம் என்று சொல்லிப் பணத்தைப் பிடித்துவைக்கவும் வாய்ப்பாகிவிடும்.

'க்குள்' என்பதில் இன்னொரு கிளை உண்டு. தேதிக்கு முன் 'பை' வரும். நாள்கணக்காக இருந்தால், அதாவது "பத்து நாளுக்குள்" என்றால், 'வித்தின் டென் டேஸ்'. 'பை டென் டேஸ்' என்பது பிழை. எந்த நாளிலிருந்து பத்து நாள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவது நல்லது.

இனி, தமிழில் இல்லவே இல்லை என்று நாம் கைகழுவிவிடும் ஒன்று: 'எ', 'ஆன்', 'தி' என்னும் சுட்டிடைச் சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருத்து இருக்கிறது, வேற்றுமை உருபில் ஒளிந்திருக்கிறது. "பில் அனுப்பினேன்" என்பதையும் "பில்லை அனுப்பிவிட்டேன்" என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஐ' உருபு இல்லாதபோது ஏதோ ஒரு பில். உருபு வந்ததும் நீங்களும் நானும் அறிந்த அந்த பில். முதலாவதற்கு 'எ பில்', இரண்டாவதற்கு 'தி பில்'. அஃறிணைப் பெயர் செயப்படுபொருளாக வரும் இடங்களில் இந்தச் சோதனை பெரும்பாலும் பலிக்கும். உயர்திணைக்கு இது பொருந்தாது; மேலாளரை எப்போதும் 'ஐ' போட்டுத்தான் பார்க்க முடியும், "மேலாளர் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது.

'டிஸ்கஸ் அபவுட்' என்பதும் உருபுக் கணக்குதான். தமிழில் "விலையைப் பற்றிப் பேசினோம்" என்றும் சொல்லலாம், "விலையை விவாதித்தோம்" என்றும் சொல்லலாம். 'டிஸ்கஸ்' இரண்டாவது வகை; 'பற்றி' அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. 'டாக்' முதல் வகை. அதற்கு 'அபவுட்' வேண்டும்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள்

தொலைபேசியில் ஆபத்தான சொல் எது என்று கேட்டால் 'யெஸ்' என்பேன். "சரக்கு இன்னும் வரவில்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். தமிழில் "ஆமாம், வரவில்லை" என்கிறோம்; "இல்லை, வரவில்லை" என்றும் சொல்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதற்கு 'ஆமாம்'. தெலுங்கிலும் 'அவுனு' என்று தொடங்கி, வரவில்லை என்று முடிக்கலாம். ஆங்கிலத்தில் கேள்வியின் வடிவம் கணக்கில் இல்லை, நடந்த செய்தி மட்டுமே கணக்கு. சரக்கு வந்திருந்தால் 'யெஸ்', வராவிட்டால் 'நோ'. வராத சரக்குக்கு வெறும் 'யெஸ்' சொன்னால், வந்துவிட்டது என்று எதிர்முனை குறித்துக்கொள்ளக் கூடும்.

ஜப்பானிய, கொரிய மொழிகளும் இதில் தமிழைப் போன்றவையே. எனவே திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரு கொரியப் பொறியாளரும் ஒரு தமிழ்ப் பொறியாளரும் ஆங்கிலத்தில் பேசும்போது இருவர் மனத்திலும் ஒரே 'யெஸ்' இருக்கலாம்; மூன்றாவதாக ஓர் அமெரிக்கர் அழைப்பில் சேர்ந்ததும் அது மாறிவிடும். தப்பிக்கும் வழி எளிது. ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் வாக்கியத்தை முழுதாகச் சொல்வது: 'நோ, இட் ஹாஸ் நாட் அரைவ்ட்.'

அடுத்தது 'டவுட்'. வகுப்பறையில் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள். தமிழில் சந்தேகம் என்பது விளங்காத இடத்தையும் குறிக்கும், நம்பிக்கையின்மையையும் குறிக்கும். ஆங்கில 'டவுட்' இரண்டாவது பொருளின் பக்கமே அதிகம் சாய்கிறது. 'ஐ ஹாவ் எ டவுட் இன் யுவர் இன்வாய்ஸ்' என்று எழுதினால், உங்கள் பில்லின் நேர்மையைச் சந்தேகிக்கிறேன் என்று படிக்க இடமுண்டு. 'ஐ ஹாவ் எ க்வெஸ்சன் அபவுட் யுவர் இன்வாய்ஸ்' என்பதில் அந்தக் கசப்பு இல்லை.

பணிவை எங்கே வைப்பது

"அனுப்பு", "அனுப்புங்கள்" என்று தமிழ் வினையின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. ஆங்கில 'சென்ட்' வாலில்லாத சொல். அதில் 'ப்ளீஸ்' சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான், கொஞ்சம் மெருகு ஏறும், அவ்வளவே. 'கைண்ட்லி' சேர்த்தால் சிலருக்குப் பொறுமையிழந்த தொனியாகக்கூடக் கேட்கும். ஆங்கிலத்தில் பணிவு, கட்டளையைக் கேள்வியாக மாற்றுவதில் இருக்கிறது: 'குட் யூ சென்ட்...' தமிழிலும் இந்த வழி நமக்குப் பழக்கமானதே. அண்டை வீட்டாரிடம் "ஏணி கொடுங்கள்" என்பதைவிட "ஏணி கொஞ்சம் கிடைக்குமா?" என்றுதானே கேட்போம்?

நம் பிள்ளைகள் பணிவில் குறைந்தவர்கள் இல்லை. 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி, 'கைண்ட்லி' மூன்று போட்டு, 'ஒபீடியன்ட்லி' என்று முடிப்பார்கள். நடுவில் இருக்கும் ஒரே வேலையான வாக்கியம் மட்டும் 'சென்ட் தி ஆஃபர் லெட்டர் இம்மீடியட்லி' என்று இருக்கும்! மரியாதை தலையிலும் காலிலும் குவிந்துவிட்டு, வேண்டிய இடத்தில் இல்லாமல் போகிறது. பள்ளிக் கடிதத்தின் அனுப்புநர், பெறுநர் அமைப்பும் மின்னஞ்சலுக்குத் தேவையில்லை. அந்த இரண்டும் மேலே தானாகவே வந்துவிடுகின்றன. பொருள் வரி மட்டும் மிக முக்கியம். அதில் ஆணை எண்ணையும் கேட்கும் செயலையும் எழுதலாம்.

எண், தேதி, தாள்கள்

1,50,000 என்று நாம் எழுதுவதை வெளிநாட்டவர் 150,000 என்று எழுதுவார். எண் ஒன்றே, காற்புள்ளி நிற்கும் இடம் வேறு. 10 லட்சம் ஒரு மில்லியன்; ஒரு கோடி 10 மில்லியன். 'லாக்', 'க்ரோர்' என்ற சொற்களை இந்தியாவுக்கு வெளியே எழுதும்போது தவிர்த்து, எண்ணையே முழுதாக எழுதுவது நல்லது. 05/06/2024 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதினால் ஒரு மாதத் தகராறு தீரும்.

தாள்களின் பெயர்களில் நாம் எல்லாவற்றையும் 'பில்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வணிக ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, அதன் இடமும் தனி. 'எஸ்டிமேட்' என்பது தோராய மதிப்பீடு, பிறகு மாறலாம். 'கொட்டேஷன்' என்பது விலைப்புள்ளி. எத்தனை நாள் செல்லும் என்று அதில் குறிப்பிட வேண்டும், அந்த நாளுக்குள் விலையை மாற்றினால் பேச்சு மாறியதாகும். அதை ஏற்று வாங்குபவர் அனுப்புவது 'பர்ச்சேஸ் ஆர்டர்'. சரக்கோடு போவது 'டெலிவரி சலான்'. பணம் கேட்டு நாம் அனுப்புவது 'இன்வாய்ஸ்'. பணம் கைக்கு வந்த பிறகு தருவது 'ரிசீட்', அதாவது ரசீது. பணம் வருவதற்கு முன்பே, பில் என்ற நினைப்பில் 'ரிசீட்' என்று தலைப்பிட்ட தாளை அனுப்பிவிட்டால், பணம் பெற்றுக்கொண்டதற்கு நாமே எழுதிக் கொடுத்த சான்றாகிவிடும் அது.