கடைமடை

குடகு மலையில் பிறக்கும் காவிரி, கல்லணையை அடைந்ததும் கிளைகளாகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை வயல்களுக்கு நீரைக் கொண்டு செல்கின்றன. வெள்ளக் காலத்தில் மிகுதியாகும் நீரைக் கொள்ளிடம் கடலில் சேர்க்கிறது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் இறங்கிவரும் நீர், இறுதியாகச் சென்றடையும் பகுதியே கடைமடை எனப்படும். நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடலோர ஊர்கள் பல இத்தகையவை.

1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு நீர் திறப்பது மரபு. அந்நாளை எதிர்நோக்கியே உழவர்கள் நாற்றங்காலைச் செப்பனிடுவர். எனினும், அணை திறந்தவுடன் கடைமடை நனைந்துவிடுவதில்லை. தூர்ந்த வாய்க்கால்களில் நீரின் பயணம் மேலும் தாமதமாகும். நீர் பிந்தினால், குறுவையின் முற்றிய கதிர்கள் வடகிழக்குப் பருவமழையில் சிக்கிவிடும். எனவே, கடைமடை உழவர் பலர் குறுவையைக் கைவிட்டுச் சம்பாவை மட்டுமே பயிரிடுகின்றனர்.

இதனால்தான், வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் ஊரின் பொதுக்கடமையாகக் கருதப்பட்டன. இக்கூட்டுழைப்பே குடிமராமத்து. இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் உழவர்கள் 'சுபக்' என்னும் அமைப்பின்வழி நீரைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். 2012இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சம்பா நடவின்போது பெண்கள் சேற்றில் இறங்கி, வரிசையாகக் குனிந்து நாற்று நடுவர். தை மாதத்தில் அறுவடை நடைபெறும். அறுவடைக்குச் சில நாள்கள் முன்னரே, நிற்கும் பயிரினூடே உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கப்படும். மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். கிடைத்த நீரை வீணாக்காத பட்டறிவு இது.

நீரைப் போலவே விளைச்சலின் பயனும் கடைசி மனிதரைச் சென்றடைய நெடுங்காலமாயிற்று. நிலமற்ற பண்ணையாள்கள் தலைமுறைதோறும் நிலவுடைமையாளர்க்குக் கட்டுப்பட்டு உழைத்தனர். 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னும் கூலி உயர்வுக்கான போராட்டங்கள் தொடர்ந்தன. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள், குழந்தைகள் உட்பட 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர்.

2020ஆம் ஆண்டில் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. விளைநிலத்தை அச்சட்டம் காக்கலாம். அந்நிலம் விளைய, உரிய காலத்தில் நீர் வர வேண்டும். ஆகவே, மேட்டூரின் நீர்மட்டம் எத்தனை அடி என்பது கடைமடை ஊர்களில் இன்றும் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வியாக உள்ளது.